பேசும் கைகள், கேட்கும் கண்கள்

மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி இடம்பெறுகிறது. தெக்கப்பொலி நாட்டின் வழியாக இயேசு கலிலேயக் கடலருகே வருகிறார். காது கேளாதவரும் பேச்சு திக்குபவருமான ஒருவரை மக்கள் அவரிடம் கொண்டுவருகின்றனர். இயேசு அவரைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் செல்கிறார். தம் விரல்களை அவருடைய காதுகளில் இடுகிறார். உமிழ்நீரால் அவருடைய நாவைத் தொடுகிறார். வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். பெருமூச்சு விடுகிறார். இவ்வளவும் நிகழ்ந்த பிறகே 'எப்பத்தா' என்னும் ஒற்றைச் சொல் அவருடைய வாயினின்று பிறக்கிறது.

நோயுற்ற பலரை ஒரே வார்த்தையால் நலமாக்கியவர் இயேசு. நூற்றுவர் தலைவரின் பணியாளரைக் காணாமலே குணமாக்கியவர். அத்தகையவர் இங்கே மட்டும் இத்தனை செய்கைகளைச் செய்வானேன்? எதிரே நிற்பவருக்குச் சொல் எட்டாது. ஆதலால் அவருக்கு எட்டக்கூடிய மொழியிலேயே ஆண்டவர் பேசுகிறார். காதில் இட்ட விரல், 'உன் குறை இன்னதென்று அறிவேன்' என்கிறது. வானை நோக்கிய விழி, உதவி எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டுகிறது. பெருமூச்சினால் மார்பு எழுந்து தணிவதைக் கண்ட அம்மனிதர், தம் துயரம் இவருடைய துயரமாகிவிட்டதை உணர்ந்திருப்பார். கூட்டத்தை விட்டு விலக்கியதுகூட ஒரு மொழிதான். பலருடைய வேடிக்கைப் பார்வைக்கு நடுவே அல்லாமல், முகத்துக்கு முகம் நின்று நடைபெற வேண்டிய உரையாடல் அது.

இருவர் நேருக்கு நேர் பேசும்போது நாவு மட்டும் பேசுவதில்லை. கண், புருவம், கை, தோள், நிற்கும் தொலைவு, இடையே விடும் மௌனம் ஆகிய அனைத்தும் பேசுகின்றன. நாம் அவற்றைப் பேச்சின் அலங்காரங்கள் என்றே கருதிவிடுகிறோம். ஒலியே மொழி, மற்றவை அதன் நிழல் என்னும் எண்ணம் நம்முள் வேரூன்றியிருக்கிறது. இந்த எண்ணம் சரிதானா என்னும் கேள்வியைத் திருச்சபையின் வரலாறு பலமுறை சந்தித்திருக்கிறது. துறவியரின் உணவறையிலும், இறப்போரின் படுக்கையருகிலும், பாரிசு மாநகரின் ஏழைப் பிள்ளைகளிடையிலும் கைகள் பேசக் கற்றன. அவற்றைப் பேசவிட்டவர்களுள் குருக்கள் பலர். அவற்றைக் கட்டிப்போட்டவர்களுள்ளும் குருக்கள் பலர். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான வரலாறு.

அகுஸ்தினார் கண்ட இளைஞர்

சொற்கலை ஆசிரியராகப் புனித அகுஸ்தினார் மிலான் நகருக்கு வந்தது 384ஆம் ஆண்டில். 387இல் அங்கேயே புனித அம்புரோசியாரின் கையால் திருமுழுக்குப் பெற்றார். அதன்பின் அவர் எழுதிய, ஆன்மாவின் அளவைப் பற்றிய உரையாடல் நூல் ஒன்றில், தம் நண்பர் எவோதியுவிடம் மிலானில் தாம் கண்ட ஓர் இளைஞரை நினைவூட்டுகிறார். அழகும் நற்பண்பும் வாய்ந்த அந்த இளைஞர் காது கேளாதவர், பேச்சற்றவர். பிறர் சொல்வதை அவர்களுடைய உடலசைவுகளாலேயே அறிந்துகொள்வார். தாம் சொல்ல விரும்புவதையும் உடலசைவுகளாலேயே வெளியிடுவார். இதை எடுத்துக்காட்டும் அகுஸ்தினார் மேலும் ஒரு படி செல்கிறார். எவரும் வாய்பேசாமல் சைகையாலேயே உரையாடும் ஓரிடத்தில் ஒரு குழந்தை பிறந்து வளர்ந்தால், அதுவும் சைகையையே தன் மொழியாகக் கற்றுக்கொள்ளும் அல்லவா என்று வினவுகிறார்.

தம் மகன் அதேயோதாத்துவுடன் உரையாடுவதாக 389ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய 'ஆசிரியர்' என்னும் நூலிலும் இதே கருத்து வருகிறது. காது கேளாதோர் சைகையாலேயே கேள்வி கேட்கின்றனர், விடை சொல்கின்றனர், கற்பிக்கின்றனர் என்று தந்தை மகனுக்கு எடுத்துரைக்கிறார். சொற்கலையில் தேர்ந்த ஒருவர், சொல்லில்லாத பேச்சின் ஆற்றலை இத்துணைத் தெளிவாக ஏற்றுக்கொண்டது வியப்புக்குரியது.

ஆனால் பிற்காலத்தார் அதிகமாக நினைவில் வைத்தது அகுஸ்தினாரின் வேறொரு கூற்றை. முதுமையில் யூலியான் என்பவருக்கு எதிராக எழுதியபோது, குழந்தைகள் குறைகளுடன் பிறப்பது ஏன் என்னும் விவாதத்தினிடையே, பிறவியிலேயே செவி கேளாமை நம்பிக்கைக்கும் தடையாகிறது என்று அவர் குறிப்பிட்டார். நம்பிக்கை கேள்வியினால் உண்டாகிறது என்னும் பொருள்பட உரோமையர் திருமுகத்தின் 10ஆம் அதிகாரத்தில் புனித பவுல் எழுதியிருப்பதே அவருக்கு ஆதாரம். ஒரு வாதத்தின் ஊடே எழுந்த இக்கருத்து நூற்றாண்டுகள் பல கடந்து நின்றது. கேட்க இயலாதவன் விசுவசிக்கவும் இயலாதவன் என்று சிலர் முடிவுகட்டினர். மிலான் இளைஞரின் பேசும் கைகளோ நூலகங்களில் உறங்கிப்போயின.

மடத்து உணவறையில்

6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் வகுத்த துறவற ஒழுங்கு, உணவு வேளையில் வாசகரின் குரலைத் தவிர வேறு குரல் கேட்கலாகாது என்கிறது. ஏதேனும் தேவைப்பட்டால் வாய்திறவாது ஏதேனும் ஒரு குறியினால் கேட்க வேண்டும் என்பது 38ஆம் அதிகாரத்தின் விதி. இச்சிறு விதையிலிருந்தே ஒரு பெரும் மரபு வளர்ந்தது.

பிரான்சு நாட்டில் 910ஆம் ஆண்டு நிறுவப்பட்ட குளூனி மடத்தில் மௌனம் மிகுந்த கண்டிப்புடன் காக்கப்பட்டது. 11ஆம் நூற்றாண்டில் அம்மடத்தின் பழக்கங்களைத் தொகுத்தவர்கள், அங்கு வழங்கிய சைகைகளையும் பட்டியலிட்டனர். அப்பட்டியலில் 118 சைகைகள் இருந்தன. இரு கைகளின் பெருவிரல்களையும் சுட்டுவிரல்களையும் சேர்த்து வட்டமாக்கினால் அப்பம். ஏனெனில் அப்பம் வட்டமானது. நீரில் மீனின் வால் அசைவதுபோல் கையை அசைத்தால் மீன். சிறுவிரலை உதடுகளில் வைத்தால் பால். குழந்தை அப்படித்தானே சப்பும்! நூல் வேண்டுமெனில், ஏட்டைப் புரட்டுவதுபோல் கையை அசைக்க வேண்டும். கிறிஸ்தவரல்லாத பழைய ஆசிரியரின் நூல் எனில், அத்துடன் நாய் காலால் காதைச் சொறிவதுபோல் விரலால் காதைச் சொறிய வேண்டும். கட்டுப்பாடு மிகுந்த மடத்திலும் நகைச்சுவைக்கு இடமிருந்தது போலும். இங்கிலாந்தின் காந்தர்பரி மடத்திலும் பழைய ஆங்கிலத்தில் 127 சைகைகளைக் கொண்ட ஒரு பட்டியல் 11ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது.

சைகை பெருகப் பெருக அதிலும் வீண்பேச்சு நுழைந்தது. 1180ஐ ஒட்டிக் காந்தர்பரி மடத்தில் விருந்துண்ட வேல்சு நாட்டு ஜெரால்டு என்னும் குரு, அங்கே கண்டதை வருத்தத்தோடு எழுதிவைத்தார். துறவியர் விரல்களாலும் கைகளாலும் ஓயாது சைகை செய்ததைப் பார்க்கையில், உணவறையில் அல்லாது கூத்தரங்கில் அமர்ந்திருப்பதுபோல் இருந்ததாம். இதைவிட அடக்கமாக வாய்திறந்து பேசியிருக்கலாமே என்றும் அவருக்குத் தோன்றியது. வாய் மூடினால் மட்டும் மௌனம் வாய்ப்பதில்லை என்பதும், கை எதையும் சொல்ல வல்லது என்பதும் அந்த விருந்தில் தெரியவந்த உண்மைகள்.

எனினும் ஒன்றை மறக்கலாகாது. துறவியரின் சைகை ஒரு முழுமொழி அன்று. அவர்கள் பேச்சறிந்தவர்கள், பேசாமலிருக்க நோன்பு பூண்டவர்கள். அவர்களுடைய சைகை, தெரிந்த சொல்லுக்குப் பதிலாக வைத்த அடையாளம். சொல்லையே அறியாத ஒருவருக்குக் கை எவ்வாறு வாயிலாகும் என்பது இன்னும் எவரும் தீர்க்காத கேள்வியாகவே இருந்தது.

ஓஞா மடமும் இறப்போர் படுக்கையும்

அக்கேள்விக்கு விடை கண்டவர், ஸ்பெயின் நாட்டு ஓஞா மடத்தில் வாழ்ந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவி பெத்ரோ பொன்சே தெ லெயோன். 1584இல் இறந்தவர். வெலாஸ்கோ என்னும் உயர்குடும்பத்தில் பிறவியிலேயே காது கேளாத பிரான்சிஸ்கோ, பெத்ரோ என்னும் சகோதரர் இருவர் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவருடைய பொறுப்பில் வந்தனர். பிறவியிலேயே செவியும் பேச்சும் அற்றவர் விருப்புறுதி எழுத இயலாது என்பது யுஸ்தினியானின் காலத்திலிருந்தே உரோமைச் சட்டம். எழுதப் படிக்கத் தெரிந்தால் நிலைமை வேறு. ஆகவே கல்வி என்பது அக்குடும்பத்துக்குச் சொத்துரிமைப் பிரச்சினையும்கூட.

பொன்சே அவர்களை எழுதவும் படிக்கவும் பழக்கினார். பின்னர்ப் பேசவும் பயிற்றினார். தம் மாணவர்கள் இறைவேண்டல் செய்யவும், திருப்பலியில் உதவவும், பாவசங்கீர்த்தனம் செய்யவும் கற்றுக்கொண்டதாக 1578ஆம் ஆண்டு எழுதிய ஓர் ஆவணத்தில் அவர் பதிவு செய்திருக்கிறார். தாம் நாள்தோறும் மடத்தில் பயன்படுத்திய சைகைகளே இம்முயற்சியில் அவருக்கு வழிகாட்டின என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மௌன நோன்பின் கருவி, மௌனத்தில் சிறைப்பட்டவர்க்குக் கதவாயிற்று.

அதே நாட்டில், அதே நூற்றாண்டில் வாழ்ந்த பிரான்சிஸ்கன் சபைத் துறவி மெல்கோர் தெ யெப்ரா. அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1593இல் வெளிவந்த அவருடைய நூலில், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கைவடிவம் வரையப்பட்டிருந்தது. நோயால் குரல் இழந்தும் அறிவு தெளிவாயிருக்கும் நிலையில் இறக்கும் மனிதர், தம் விரல்களால் எழுத்துக் கூட்டிப் பாவசங்கீர்த்தனம் செய்யவும் ஆறுதல் பெறவும் வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். மரணப் படுக்கையருகே குனிந்து நின்று, மெலிந்த விரல்களின் அசைவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் ஒரு குருவை எண்ணிப் பாருங்கள். 'கேட்டல்' என்னும் சொல்லுக்கு இதைவிட ஆழ்ந்த பொருள் உண்டோ? 1620இல் ஹுவான் பாப்லோ போனெத் மத்ரித் நகரில் வெளியிட்ட, பேச்சற்றோர்க்குப் பேசக் கற்பிக்கும் நூலிலும் இவ்வகைக் கையெழுத்துகள் இடம்பெற்றன. பின்னர்ப் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் பரவிய விரலெழுத்து முறையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இக்காலத்தில்தான் ஜெனிவாவின் ஆயரான புனித பிரான்சிஸ்கு சலேசியார், 1605ஆம் ஆண்டளவில், மார்ட்டின் என்னும் காது கேளாத ஏழை இளைஞரைச் சந்தித்தார். இவனுக்கு மறைக்கல்வி புகட்ட இயலாது என்று பிறர் கைவிட்டிருந்தனர். ஆயரோ தாமே சைகைகளைக் கண்டுபிடித்துப் பொறுமையோடு கற்பித்து, அவருக்கு நற்கருணை வழங்கினார். தம் இல்லத்திலேயே வைத்துக்கொண்டார். எழுத்தாளர்களின் பாதுகாவலர் என்று திருச்சபை போற்றும் இவரே, காது கேளாதோரின் பாதுகாவலராகவும் விளங்குவது பொருத்தமானதே.

இரு சகோதரியரும் ஒரு குருவும்

பிரான்சு நாட்டுக் குரு ஷார்ல் மிஷேல் தெ லெப்பே 1712இல் வெர்சாய் நகரில் பிறந்தவர். 1760ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிசின் ஒரு வீட்டுக்குச் சென்றபோது, தையல் வேலையில் ஆழ்ந்திருந்த இளம் சகோதரியர் இருவரைக் கண்டார். அவர் பேசினார், விடையில்லை. மீண்டும் பேசினார், அவர்கள் நிமிரவும் இல்லை. பின்னர் வந்த தாய், பிள்ளைகள் இருவரும் காது கேளாதவர்கள் என்று கண்ணீருடன் விளக்கினார். அவர்களுக்குப் படங்களைக் காட்டி மறைக்கல்வி புகட்டிவந்த வானேன் என்னும் குரு இறந்துவிட்டிருந்தார். இப்பிள்ளைகள் இறைவனை அறியாமலே வாழ்ந்து மடிவார்களோ என்னும் கவலை லெப்பேயைப் பற்றிக்கொண்டது.

தம் சொந்தச் செல்வத்தைச் செலவிட்டு, தம் இல்லத்திலேயே இலவசப் பள்ளி ஒன்றை அவர் நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனித்தனியே ஆசிரியர் அமர்த்திய காலத்தில், ஏழைப் பிள்ளைகளை ஒன்றுகூட்டிக் கற்பித்தது அவருடைய புதுமை. அதனினும் பெரிய புதுமை ஒன்றுண்டு. பிள்ளைகளுக்குத் தம் மொழியைத் திணிக்கும் முன், அவர்களுடைய மொழியைத் தாம் கற்க முற்பட்டார். அவர்கள் ஏற்கெனவே கைகளால் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டார். அந்தக் கைகளின் வழியாகவே அறிவைப் புகுத்தலாம் என்று துணிந்தார். செவி வழியே நுழைய முடியாதது கண் வழியே நுழையட்டும் என்பதே அவருடைய கொள்கை. உரோமையர் திருமுகத்தின் பெயரால் அடைக்கப்பட்ட வாசலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வாசல் திறந்திருந்தது என்பதைத் தம் வாழ்வால் காட்டினார்.

அவருடைய முறையில் குறையில்லாமல் இல்லை. பிரெஞ்சு மொழியின் இலக்கணக் கூறுகள் ஒவ்வொன்றுக்கும் தாமே ஒரு செயற்கைச் சைகையை உருவாக்கிச் சேர்த்தார். பிள்ளைகளின் இயல்பான சைகை மொழிக்கே ஓர் இலக்கணம் உண்டு என்பதை அவர் முழுமையாக உணரவில்லை. அதை உலகுக்குச் சொன்னவர், காது கேளாத ஒரு தொழிலாளி. பியேர் தெலோஜ் என்பவர் நூல்களுக்கு அட்டை கட்டுபவர். ஏழு வயதளவில் பெரியம்மையால் செவித்திறனை இழந்தவர். 1779இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். காது கேளாதவர் ஒருவர் எழுதி அச்சேறிய முதல் நூல் என்று அது கருதப்படுகிறது. பள்ளிக்கே செல்லாத பாரிசின் காது கேளாதோர்கூடத் தங்களுக்குள் எப்பொருளைப் பற்றியும் சைகையால் உரையாடுகின்றனர் என்று அதில் அவர் எழுதினார்.

லெப்பே 1789ஆம் ஆண்டு திசம்பர் 23ஆம் நாள் இறந்தார். 1791இல் பிரான்சு தேசியப் பேரவை அவருடைய பள்ளியை ஏற்றுக்கொண்டது. அவருக்குப் பின் வந்த குரு சிக்கார்டின் மாணவரான லோரான் கிளேர், காது கேளாதவர். அமெரிக்கரான தாமஸ் காலடெட் என்பவருடன் 1816இல் அவர் கப்பலேறினார். 52 நாள் கடற்பயணத்தில் கிளேர் சைகை மொழியைக் கற்பித்தார். காலடெட் ஆங்கிலம் கற்பித்தார். 1817 ஏப்ரலில் ஹார்ட்போர்டு நகரில் அவர்களுடைய பள்ளி திறக்கப்பட்டது. பாரிசின் ஏழைப் பிள்ளைகளுடைய கைகளில் பிறந்த மொழி பெருங்கடலைத் தாண்டிவிட்டது.

மிலான், 1880

அகுஸ்தினார் அந்த இளைஞரைக் கண்ட அதே மிலானில், 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 6 முதல் 11 வரை, காது கேளாதோர் கல்வி பற்றிய பன்னாட்டு மாநாடு கூடியது. 164 பேராளர்கள் வந்திருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும். குருக்களும் துறவியரும் பலர். தலைமை வகித்தவர் மிலான் நகரின் ஏழைக் காது கேளாப் பிள்ளைகளுக்குத் தம்மை அர்ப்பணித்திருந்த குரு ஜூலியோ தார்ரா. கைச்சைகை கற்பனையையும் புலனுணர்வையும் தூண்டுமேயன்றி அறிவை உயர்த்தாது. உதட்டில் பிறக்கும் சொல்லே மனிதனுக்குரிய மாண்பு என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. பேச்சுமுறையே சைகைமுறையினும் மேலானது என்னும் தீர்மானம் 160க்கு 4 என்னும் வாக்குகளால் நிறைவேறியது. 'வாழ்க பேச்சு' என்னும் முழக்கத்துடன் அவை கலைந்தது.

இவர்கள் கொடியவர்கள் அல்லர். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். தம் பிள்ளைகள் கடையில் பொருள் வாங்கவும், அயலாரோடு பழகவும், ஆலயத்தில் வாய்விட்டுச் செபிக்கவும் வேண்டும் என்று ஏங்கியவர்கள். பேச்சுப் பயிற்சியால் பயன்பெற்ற பிள்ளைகளும் உண்டு. ஆனால் 164 பேருள் காது கேளாதவர் ஒரே ஒருவர்: அமெரிக்காவிலிருந்து வந்த ஜேம்ஸ் டெனிசன். யாருடைய மொழியைப் பற்றி வாக்கெடுப்பு நடந்ததோ அவர்களைப் பற்றிப் பேசினார்களேயன்றி, அவர்களோடு பேசவில்லை. கண்ணுக்கு முன்னால் இயங்கிய கைகளைப் பார்த்தும் அவற்றில் மொழியைக் காணவில்லை.

விளைவு நெடுங்காலம் நீடித்தது. ஐரோப்பா முழுவதிலும், அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் வகுப்பறைகளிலிருந்து சைகை விலக்கப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தனர். பல பள்ளிகளில் சைகை செய்த பிள்ளைகளின் கைகளில் அடி விழுந்தது. கைகளைக் கட்டிவைத்ததும் உண்டு. ஒரு சொல்லைச் சரியாக ஒலிப்பதற்கே மாதங்கள் கழிந்தன. கணக்கும் வரலாறும் கற்கவேண்டிய பருவம் அதிலேயே கரைந்தது. ஆயினும் மொழி சாகவில்லை. விடுதிகளில், விளையாட்டுத் திடல்களில், ஆசிரியரின் பார்வை படாத மூலைகளில், மூத்த பிள்ளைகளின் கைகளிலிருந்து இளைய பிள்ளைகளின் கைகளுக்கு அது மறைவாக வந்துகொண்டிருந்தது.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தை இங்கே நினைவுகூரலாம். செக்கரியாவின் மகனுக்குப் பெயரிடும் நாளில், உறவினர் தாமாகவே ஒரு பெயரை முடிவுசெய்துவிட்டனர். பின்னர்த் தந்தையின் பக்கம் திரும்பி, குழந்தைக்கு என்ன பெயரிட விரும்புகிறார் என்று சைகை காட்டிக் கேட்டனர். அவர் எழுதுபலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, யோவான் என்று எழுதினார். பேச்சிழந்தவரிடமிருந்தே சரியான விடை வந்தது. அந்த மலைநாட்டு உறவினர் செய்த சிறு செயலை மிலான் மாநாடு செய்யத் தவறியது.

கட்டவிழ்ந்த கைகள்

வாஷிங்டன் நகரின் காலடெட் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராயிருந்த வில்லியம் ஸ்டோக்கி, தம் மாணவரின் கைகளைக் கூர்ந்து நோக்கி 1960இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒவ்வொரு சைகையும் கையின் வடிவம், அது நிகழும் இடம், அசைவு ஆகிய கூறுகளால் அமைவது. ஒலிகள் சேர்ந்து சொல்லாவதுபோல் இக்கூறுகள் சேர்ந்து சொல்லாகின்றன என்று நிறுவினார். பின்வந்த ஆய்வுகள் முகத்தின் பங்கையும் வெளிப்படுத்தின. அமெரிக்கச் சைகை மொழியில் புருவத்தை உயர்த்தினால், ஆம் அல்லது இல்லை என்னும் விடையை வேண்டும் வினா. புருவத்தைச் சுருக்கினால், யார், எது, ஏன் என்னும் வகை வினா. முகம் அங்கே உணர்ச்சியை மட்டுமன்று, இலக்கணத்தையும் சுமக்கிறது. பார்வையை விலக்கிக்கொள்வது அங்கே காதைப் பொத்திக்கொள்வதற்குச் சமம்.

திருச்சபையும் தன் பங்கைச் செய்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவுற்ற 1965ஆம் ஆண்டிலேயே, காது கேளாதோர்க்கான வழிபாட்டில் சைகை மொழியைப் பயன்படுத்த உரோமை இசைவளித்தது. காது கேளாதோர் கல்வியாளர்களின் பன்னாட்டு மாநாடு 2010இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடியபோது, மிலான் தீர்மானங்களை முற்றிலுமாக நிராகரித்து, அவற்றால் விளைந்த தீங்குகளுக்கு வருத்தம் தெரிவித்தது. இடைப்பட்ட காலம் 130 ஆண்டுகள்.

நம் நாட்டில் இக்கல்விக்கு வித்திட்டதும் மறைப்பணியாளரே. 1885இல் மும்பையில் காது கேளாதோர்க்கெனப் பள்ளி தொடங்கியவர், அந்நகரின் ஆயராயிருந்த இயேசு சபையினர் லியோ மெரின். தமிழகத்தில், பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளாரன்ஸ் சுவேன்சன் என்னும் ஆங்கிலிக்கன் சபைப் பெண் மறைப்பணியாளர் அமைத்த பள்ளி அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. இந்தியச் சைகை மொழிக்கான தேசிய ஆய்வு, பயிற்சி மையம் 2015இல் புதுதில்லியில் நிறுவப்பட்டது. 2024 மே மாதம் கேரளத்தின் திருச்சூரில், காது கேளாதவரான ஜோசப் தேர்மடம் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்தியாவில் இவ்வாறு குருவான முதல்வர் இவரே. கேட்கவியலாதவன் விசுவசிக்கவியலான் என்ற பழைய வாதத்துக்கு, பலிபீடத்தருகே உயர்ந்த அக்கைகளைவிட வேறு விடை எதற்கு?

நம் உரையாடல்களுக்கு ஒரு பாடம்

இவ்வரலாறு காது கேளாதோரைப் பற்றியது மட்டுமன்று. கேட்கும் செவி படைத்த நாம் ஒருவரையொருவர் எவ்வளவு குறைவாகக் கேட்கிறோம் என்பதையும் இது காட்டுகிறது. சைகையால் உரையாடும் இருவர் முதலில் செய்வது, ஒருவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று, ஒருவரையொருவர் பார்ப்பது. வேறெங்கோ நோக்கியபடி அங்கே எவரும் கேட்க முடியாது. நம் வீடுகளில் நிலைமை என்ன? மனைவி பேசும்போது கணவரின் கண் செய்தித்தாளில். பிள்ளை பேசும்போது தாயின் கண் அடுப்பில். முதியவர் பேசும்போது எல்லாருடைய கண்ணும் கைப்பேசியில். காது திறந்திருக்கிறது, முகம் மூடியிருக்கிறது.

சொல்லும் உடலும் முரண்படும்போது, எதிரே இருப்பவர் உடலையே நம்புவார். 'சொல்லுங்கள், நேரம் இருக்கிறது' என்று வாய் சொல்ல, கண் கடிகாரத்தை நாடினால், வந்தவர் பாதியிலேயே எழுந்துவிடுவார். 'மன்னித்துவிட்டேன்' என்று உதடு சொல்ல, முகம் திரும்பியிருந்தால் அந்த மன்னிப்பு போய்ச்சேராது. இதன் மறுபுறமும் உண்மை. துக்க வீட்டில் ஆயிரம் ஆறுதல் மொழிகள் செய்யாததை, அருகமர்ந்து பற்றிய ஒரு கை செய்துவிடும். மருத்துவமனையில் குரல் இழந்து கிடக்கும் நோயாளியிடம் நாம் மட்டும் பேசிவிட்டுத் திரும்புவது போதாது. ஆம் என்றால் ஒருமுறை கண்ணிமைக்கச் சொல்லி, இல்லை என்றால் கையை அழுத்தச் சொல்லி, அவருடைய விருப்பத்தைக் கேட்டறியும் பொறுமை வேண்டும். யெப்ரா 16ஆம் நூற்றாண்டில் கற்பித்ததும் இதைத்தான்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மெய்க்குறிப்பு எங்கும் ஒரே பொருள் தருவதன்று. இசைவைக் காட்ட நாம் தலையைப் பக்கவாட்டில் அசைப்பது அயல்நாட்டார் பலருக்கு மறுப்பாகத் தோன்றும். சிலருக்குத் தலைகுனிவு மரியாதை. வேறு சிலருக்கு அது குற்ற உணர்வின் அடையாளம். ஆகவே குறிப்பைக் கண்டதும் தீர்ப்பிடுவது தவறு. கண்டதை மென்மையாகக் கேட்டுத் தெளிவதே முறை. திருவள்ளுவர் குறிப்பறிதல் என்னும் ஒரே தலைப்பில் இரு அதிகாரங்கள் வகுத்தார். ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். அரசவையிலும் அன்பு வாழ்விலும் ஒருங்கே தேவைப்படும் அரிய பயிற்சி அது என்பதை இதனால் உணரலாம்.

நம் பங்குகளிலும் காது கேளாத சகோதரர், சகோதரியர் இருக்கின்றனர். ஞாயிறு திருப்பலியில் அவர்கள் கடைசி வரிசையில், எல்லாரும் எழும்போது எழுந்து, எல்லாரும் அமரும்போது அமர்ந்து செல்கின்றனர். அவர்களுடைய பெயரைச் சைகையில் எப்படிச் சொல்வது என்று நம்முள் எத்தனை பேர் கேட்டறிந்திருக்கிறோம்? வாழ்த்துரைக்க, நலம் கேட்க, அமைதியின் வாழ்த்தைப் பகிர நான்கைந்து சைகைகளைக் கற்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். மறைக்கல்வி ஆசிரியர்களும் இளைஞர் இயக்கங்களும் மனம் வைத்தால், ஒவ்வொரு பங்கிலும் இருவரேனும் சைகை மொழியைச் செவ்வனே கற்கலாம். கற்பிக்க வல்லவர்கள் தொலைவில் இல்லை. அந்தக் கடைசி வரிசையிலேயே அமர்ந்திருக்கின்றனர்.